அனாமத்து

மராத்தியில் ‘அனாமத் ரக்கம்’ என்றால் முன்வைப்புத் தொகை. தேர்தலில் வேட்பாளர் கட்டுவதும் அதுதான். மருத்துவமனையில் நோயாளியின் உறவினர் கட்டுவதும் அதுதான். மூலம் அரபியின் ‘அமானத்’. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். கணக்கேடுகளின் வழியே தமிழுக்கும் வந்த சொல் இது. இங்கே அது, எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை எழுதிவைக்கும் ‘அனாமத்துக் கணக்கு’ ஆயிற்று. பேச்சுவழக்கில் உரியவர் இல்லாமல், கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள் ஆயிற்று. பொருள்மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாக இதை வகுப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சென்ற ஆகஸ்டில் புனேயின் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணம் கட்டும் சாளரத்தின் முன் நின்றபோதுதான், மராத்திப் பொருளும் தமிழ்ப் பொருளும் ஒரே ஆளின்மீது ஒரே நேரத்தில் பொருந்தக்கூடும் என்பது விளங்கியது.

விபத்துக்குள்ளானவர் என் அறைத்தோழர். திருநெல்வேலிக்காரர், வரலாற்று ஆய்வாளர். இரவு ஒன்பதரை மணி, மழை, சாத்தாரா சாலை. பின்னால் வந்த சரக்கு டெம்போ அவருடைய ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது. ஓட்டுநர் ஓடிவிடவில்லை, அந்த மட்டில் நல்லது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. அவரை ரிக்‌ஷாவில் ஏற்றிப் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது வலிக்கு ஊசி போட்டு, காலை அசையாமல் கட்டி, எக்ஸ்ரேயும் எடுத்திருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சைக்கு 60,000 ரூபாய் அனாமத் கட்ட வேண்டும், கட்டிய பிறகே அரங்குக்கு நேரம் குறிக்கப்படும் என்றார் சாளரத்தில் இருந்தவர். அவர் கடுமையாகப் பேசவில்லை. ஒவ்வொரு நாளும் பலரிடம் சொல்லும் வாக்கியத்தை எங்களிடமும் சொன்னார்.

அடுத்து நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பதிவின் முதல் குற்றச்சாட்டு எங்கள் மீதுதான். துறையின் வாட்ஸ்அப் குழுவில் க்யூஆர் கோடு போட்டோம். நள்ளிரவுக்குள் 74,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. உதவித்தொகை மூன்று மாதமாக வராதவர்கள்கூட ஐந்நூறு அனுப்பினார்கள். நெகிழ்ந்துபோனோம். ஆனால் அன்றிரவு நாங்கள் 112-ஐ அழைக்கவில்லை. சாலை விபத்தில் காயமடைந்தவருக்கான மைய அரசின் திட்டத்தில் இந்த மருத்துவமனை சேர்ந்திருக்கிறதா என்று கேட்கவில்லை. அப்படியொரு திட்டம் இருப்பதே அங்கு நின்ற ஆறு பேரில் எவருக்கும் தெரியாது. ஆறு பேரும் முனைவர் பட்ட ஆய்வாளர்கள். ஒருவர் பொதுக்கொள்கை படிப்பவர். சாளரத்துக்கு உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருந்ததா என்பது வேறு கேள்வி.

திட்டம் இதுதான். 2025 மே 5 அன்று அறிவிக்கை செய்யப்பட்டது. மோட்டார் வாகனத்தால் எந்தச் சாலையில் விபத்து நேர்ந்தாலும், காயமடைந்தவருக்கு விபத்து நாளிலிருந்து 7 நாட்கள்வரை, 1.5 லட்சம் ரூபாய்வரை, குறிக்கப்பட்ட மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை. பணத்தை மருத்துவமனை பின்னர் அரசு நிதியிலிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். காயமடைந்தவர் ஏழையா, எந்த மாநிலத்தவர், யார் மீது தவறு என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. இது விபத்துதான் என்று காவல்துறை உறுதிப்படுத்தினால் போதும். திட்டத்தில் சேராத மருத்துவமனையிலும் உயிர்நிலை சீராகும்வரையிலான சிகிச்சைக்கு இது பொருந்தும்.

இந்த அறிவிக்கைக்குப் பின்னால் 36 ஆண்டுகள் உள்ளன. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் அடிபட்டார். அருகிலிருந்த மருத்துவமனை, சட்டச் சிக்கலுள்ள காயங்களைப் பார்க்கத் தனக்கு அதிகாரமில்லை என்று ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த இன்னொன்றுக்கு அனுப்பியது. அவர் வழியிலேயே இறந்தார். செய்தித்தாளில் வந்த அந்தச் செய்தியை வைத்துத்தான் வழக்கே தொடுக்கப்பட்டது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காப்பதே கடமை, நடைமுறைகள் பிறகு என்றது நீதிமன்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் அதையே மருத்துவர்மேல் கடமையாக வைத்தது. 2006-இல் சட்ட ஆணையம் தன் 201-ஆவது அறிக்கை முழுவதையும் இந்தப் பொருளுக்கே ஒதுக்கியது. 2012-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் சென்றார். சாலையில் சிதைந்த கால்களை நாள்தோறும் சரிசெய்துகொண்டிருந்த ஒருவர், இது அறுவை அரங்கில் மட்டும் தீரும் சிக்கல் அல்ல என்று கண்டு வழக்குத் தொடுத்ததை நம் ஆட்கள் போதுமான அளவு பேசியதில்லை. 2019 சட்டத்திருத்தம், விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரமான ‘பொன்னான நேர’த்தில் பணமில்லாச் சிகிச்சை தரத் திட்டம் வகுக்கும் கடமையை 162-ஆம் பிரிவில் மைய அரசின்மேல் சுமத்தியது. அந்தப் பிரிவு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. திட்டம் வரவில்லை. ராஜசேகரன் வழக்கிலேயே 2025 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் மார்ச் 14-க்குள் திட்டம் வேண்டும் என்று கெடு வைத்தது. கெடுவும் தவறி, மே மாதம் வந்தது.

‘பணமில்லாச் சிகிச்சை’ என்ற சொற்றொடரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பணம் கட்டாமல் பெறும் சிகிச்சை என்பது சட்டத்தின் பொருள். பணம் இல்லாதவர்களுக்கான சிகிச்சை என்பது கேட்பவர் காதில் விழும் பொருள். இரண்டாவது பொருளே வென்றுவிட்டது. சாளரத்தில் நின்று கேட்டால் ரேஷன் அட்டை என்ன நிறம் என்று திருப்பிக் கேட்கிறார்கள். நம்மைப் போன்றவர்களோ, ‘அது ஏழைகளுக்கானது, நாம் கேட்பது முறையா?’ என்று தயங்கி க்யூஆர் கோடு போடுகிறோம். உரிமையாக எழுதப்பட்டதை இரு தரப்பும் சேர்ந்து தருமமாக மாற்றிவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ இந்தத் தயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சை. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் பீகார்காரர் ஆனாலும் நேபாளக்காரர் ஆனாலும் ஒன்றே. தொடக்கத்தில் 1 லட்சம், பின்னர் 2 லட்சம் ரூபாய் வரம்பு. அதை நான் கோயிலாகக் கும்பிடவில்லை. நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று மதுரையிலும் சேலத்திலும் படுத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் பெயரிலேயே ‘நம்மை’ என்று வைத்தார்கள். அடிபட்டவரை அயலாராக்காத சொல் அது. மராட்டியத்தில் மகாத்மா ஜோதிராவ் புலே பெயரிலான காப்பீட்டுத் திட்டம் 5 லட்சம்வரை விரிவாக்கப்பட்டபோதும், அது முதன்மையாக மாநிலத்தில் குடியிருப்போருக்கானது. ஹடப்சரிலும் சாக்கணிலும் கட்டட வேலை செய்யும் விழுப்புரத்துக்காரரிடம் எந்த ஊர் ரேஷன் அட்டை இருக்கும்?

இனி பில்லுக்கு வருகிறேன். நான்காம் நாள் வந்த மொத்தக் கணக்கு 2,14,000 ரூபாய். உள்ளே இருந்த தாள்களை என் தொழில் பழக்கத்தால் இருமுறை படித்தேன். எல்லா வாக்கியங்களும் செயப்பாட்டு வினை: கட்டணம் விதிக்கப்படும், தொகை சரிசெய்யப்படும், பொருட்கள் பயன்படுத்தப்பட்டன. யார் பயன்படுத்தினார், எத்தனை, என்ன விலை என்பது இல்லை. ‘பயன்பாட்டுப் பொருட்கள்’ என்ற ஒற்றை வரியில் 31,000 ரூபாய் உட்கார்ந்திருந்தது. அத்தனை பக்கங்களிலும் தன்மை இடத்தில் எழுதப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்: ‘செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன்.’ அதன் கீழே என் கையொப்பம். ‘நான்’ யார்? இடித்த டெம்போவின் உரிமையாளரா, அவரிடம் ஆண்டுதோறும் பிரீமியம் வாங்கும் காப்பீட்டு நிறுவனமா, இந்தச் சாலையைப் போட்டவரா? மொழியியல் மாணவன், அறைத்தோழன், இடதுகையில் அவருடைய ஈரச் சட்டை. மணி பதினொன்று. கையொப்பமிட்டேன்.

இதைச் சொன்னால் படித்தவர்களிடமிருந்து வரும் அறிவுரை ஒன்றே: பில்களைப் பத்திரமாக வையுங்கள். துறைப் பேராசிரியர் சொன்னார், அண்ணன் சொன்னார், முகநூலில் முன்பின் தெரியாதவர்கள் சொன்னார்கள். அறிவுரை தவறில்லை. மருந்துக் கடைச் சீட்டில் நோயாளியின் பெயர் இருக்க வேண்டும். விவரப் பட்டியலோடு கூடிய கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு மூலப் பில்களைக் கொடுப்பதற்கு முன் மருத்துவமனை முத்திரையுடன் இன்னொரு படி எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் நாளை மூலப்படிகளைக் கேட்கும். இவற்றை நானே சொல்கிறேன். என் சண்டை இதோடு நின்றுவிடும் அறிவுரையோடு. அடிபட்டவரைத் தன் காயத்துக்குத் தானே கணக்குப்பிள்ளையாக உட்காரவைத்துவிட்டு, கணக்குச் சரியில்லை என்றால் அவருடைய கவனக்குறைவு என்று முடிக்கும் மனப்பான்மை அது. விபத்தைவிட அதற்குப் பிந்தைய கோப்பு அவரைக் களைப்படையச் செய்கிறது. கால் நீட்டிப் படுத்திருக்கும் ஒருவர் பிளாஸ்டிக் கவரில் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பதை ஐந்து மாதமாகப் பார்க்கிறேன். அவருடைய ஆய்வேடு அதே மேசையின் மறுமுனையில் இருக்கிறது.

உண்மையில் சட்டம் அவரிடம் இவ்வளவு கேட்கவில்லை. 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 166-ஆம் பிரிவு. 10 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர் கையில் அவருடைய உரிமைகளைச் சொல்லும் படிவம் ஒன்றை விசாரணை அலுவலர் தர வேண்டும். இவை ஏட்டோடு நின்றுவிடாமல் நடைமுறைக்கு வர வேண்டும் என்று 2022 டிசம்பரில் கோகர் முகம்மது வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. என் நண்பருக்கு அந்தப் படிவம் வரவில்லை. அப்படி ஒன்று உண்டு என்று நான் சொன்னபோது அவர் கேட்டார்: ‘எந்த மொழியில் இருக்கும்?’ நல்ல கேள்வி. இதுவரை நான் எழுதிய எந்த ஆய்வுக் கட்டுரையும் அவ்வளவு பயனுள்ள கேள்வி ஒன்றைக் கேட்டதில்லை.

பில்லுக்குள் வராத செலவுகளும் உண்டு. அவருடைய அம்மா செய்தி கேட்டு திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து ஏழு வாரம் இருந்தார். படுக்கையில் மலம் எடுத்தார், கஞ்சி வைத்தார், தெரியாத மொழியில் ரிக்‌ஷாக்காரரிடம் பேரம் பேசினார். இதற்கு ரசீது எங்கே வாங்குவது? 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில், காயத்துக்கான இழப்பீட்டில் சிகிச்சைச் செலவு மட்டுமன்றிப் போக்குவரத்து, சத்தான உணவு, இழந்த வருமானம், வருங்காலச் சிகிச்சை, வலியும் துயரமும் என்று தலைப்புத் தலைப்பாக உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. 2020-இல் காஜல் வழக்கில், முற்றிலும் செயலிழந்த ஒரு சிறுமியைப் பராமரிக்கும் ஆட்களின் உழைப்பை ஆண்டுக்கணக்கில் பெருக்கிக் கணக்கிட்டது. வீட்டார்தானே பார்த்துக்கொண்டார்கள், அதற்கென்ன காசு என்று கேட்கும் வழக்கறிஞர்கள் இன்றும் உண்டு. அம்மாவின் ஏழு வாரத்தை எழுதிவைக்கும்படி நண்பரிடம் சொன்னேன். ‘அம்மா வந்ததுக்குக் கணக்கு எழுதறதா?’ என்று கூசினார். அந்தக் கூச்சத்தின் விலை நேரே காப்பீட்டு நிறுவனத்தின் லாபத்தில் சேர்கிறது.

சென்ற ஆண்டு இதில் மகிழத்தக்க ஒன்றும் நடந்தது. அடிபட்டவர் தன் சொந்த மருத்துவக் காப்பீட்டிலிருந்து பெற்ற தொகையை இழப்பீட்டில் கழித்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு, 2025 மார்ச் 28 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம், கழிக்கக் கூடாது என்று விடை சொன்னது. வாதம் எளியது: அவர் தன் கைப்பணத்தில் பிரீமியம் கட்டிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பலன், இடித்தவரின் கடனைக் குறைக்க முடியாது. ஒரே செலவுக்கு இருமுறை பணமா என்று கேட்டுவந்த நிறுவனங்களின் வாதம் அங்கே விழுந்தது. இதே தர்க்கம் எங்கள் க்யூஆர் கோடுக்கும் பொருந்த வேண்டும் என்று நான் வாதிடுவேன். ஐந்நூறு ரூபாய் அனுப்பிய ஆய்வு மாணவி, டெம்போவைக் காப்பீடு செய்த நிறுவனத்துக்காக அதை அனுப்பவில்லை. ஆனால் நடைமுறையில் அதுதான் நேர்கிறது. அவசரம் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் உரிமை கோருவதையே விட்டுவிடுகிறார்கள். இந்த நாட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். ஆக, அடிபடப்போகிறவருக்கான பணம் அவர் அடிபடுவதற்கு முன்பே வசூலிக்கப்பட்டுவிட்டது. வசூலித்த பணம் ஓரிடத்தில் இருக்க, நாம் மறுபடியும் மாணவர்களிடம் வசூலிக்கிறோம்.

மருத்துவமனைகளின் தரப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அரசுத் திட்டங்கள் தாமதமாகப் பணம் தருகின்றன, அரசு நிர்ணயிக்கும் கட்டணம் கட்டுப்படியாவதில்லை என்கிறார்கள். இருபது படுக்கை கொண்ட சிறு மருத்துவமனை நடத்துபவர் இதைச் சொன்னால் நான் நம்புவேன். ஆனால் அந்த வழக்கு அவருக்கும் அரசுக்கும் இடையிலானது. அதை ஸ்ட்ரெச்சரின்மேல் வைத்துத் தீர்க்கக் கூடாது. மேலும் புனேயின் பெரிய மருத்துவமனைகள் பல அறக்கட்டளைகள். வரிச்சலுகையும் நிலமும் பெற்றவை. பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41AA பிரிவையொட்டி 2006-இல் உயர் நீதிமன்றம் ஏற்ற திட்டப்படி, அவை 10 விழுக்காடு படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 விழுக்காட்டை நலிந்தோருக்குச் சலுகைக் கட்டணத்திலும் தர வேண்டும். மொத்தக் கட்டண வருவாயில் 2 விழுக்காட்டை அதற்கென்று தனிநிதியாக வைக்க வேண்டும். வறியவர்களிடம் முன்பணம் கேட்கவே கூடாது. 2025 ஏப்ரலில், கருவுற்ற பெண் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்டதாக இந்நகரின் பெரிய அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றின்மீது குற்றச்சாட்டு எழுந்து, அவர் இறந்து, தெருவில் போராட்டம் வெடித்த பிறகுதான், அவசர நோயாளிகளிடம் இனி முன்பணம் வாங்குவதில்லை என்று அங்கே அறிவித்தார்கள். ஏற்கெனவே சட்டமாக இருந்ததைப் புதுச் சலுகைபோல அறிவிக்க ஒரு சாவு தேவைப்பட்டது.

நோயாளி உரிமைகளுக்காகப் பல ஆண்டுகளாக உழைக்கும் ‘சாத்தி’ அமைப்பு இதே புனேயில் இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வெளியிட்ட நோயாளி உரிமைச் சாசனம் இருக்கிறது. விவரப் பட்டியலோடு பில் பெறுவதும், பணம் பாக்கி என்பதற்காகப் பிடித்துவைக்கப்படாமல் இருப்பதும் அதில் உரிமைகள். நாம் படிக்கவில்லை. அதிகாரமும் மொழியும் பற்றி மாதம் இரண்டு கருத்தரங்கு நடத்தும் நாம், நள்ளிரவில் கையொப்பமிட்ட தாளைப் படிக்கவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

நண்பருக்கு விபத்து நடந்து பிப்ரவரியில் ஆறு மாதம் முடிகிறது. இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் காலவரம்பும் அதுவே. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன என்றாலும் நாங்கள் அதை நம்பிக் காத்திருக்கப் போவதில்லை. காவல்துறையின் அறிக்கை போனதா என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், மனுவும் தயாராகிறது. அம்மாவின் ஏழு வாரமும் அதில் இருக்கிறது. அவரே ஒப்புக்கொண்டார்.

பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவுக்கு வரும் வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் கொடுக்கிறோம். விடுதி வாயிலிலும் ஒவ்வொரு துறையிலும் ஒரே ஒரு தாள் ஒட்ட வேண்டும்: 112, திட்டத்தில் சேர்ந்த அருகிலுள்ள மருத்துவமனைகளின் பெயர்கள், சாளரத்தில் சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்கள். மராத்தி, இந்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் ஆகியவற்றில் மொழிபெயர்ப்பை நாங்களே செய்துதருகிறோம். மணிப்புரி, காசி, லடாக்கி மொழிகளுக்கு ஆள் தேவை. தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.